மஞ்சள் அட்டையில் ஒரு கட்டம்

விளாங்குடி
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கனகு எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். ஓசூர்க் குளிரில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மதினிக்குச் சுகர் மாத்திரையை மாற்றினார்களா?

கையில் போனை வைத்துக்கொண்டு தபால் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போன வாரம் நாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோமே, அதுதான் வினை. அன்று சாயங்காலம் உங்கள் மாப்ள, கிரில் பட்டறை ஆட்கள் நாலு பேரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். சத்யா நடுவில் போய் நின்று, அச்சு அசலாக உங்கள் குரலிலேயே, "மாப்ளைக்கு வாய்தான் கனகு வேலை செய்யும், கை செய்யாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். இரண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்குப் பதினைந்து வயதாகிறது. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வது மட்டும் குறையவே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினாலோ போனை எடுத்துச் சத்தமாகப் படிக்கிறாள். அதனால் அவளைப் பற்றி உங்களிடம் கேட்பதை இனிமேல் கடிதத்தில் கேட்கிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் முதலில் ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல தாளில் எழுதுகிறேன். ரஃப் நோட்டையும் உங்கள் பதிலையும் அரிசி டிரம்முக்குள் போட்டுவிடுவேன். கையில் அரிசி ஒட்டினால் அவளுக்கு ஆகாது. அந்தப் பக்கமே வரமாட்டாள்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருக்கிறார்கள். பாடத்துக்கு நேரே "இலக்கு" என்று ஒரு கட்டம், "பெற்றது" என்று ஒரு கட்டம். இலக்கை டீச்சரும் நாங்களும் பேசிப் போட வேண்டும். ஆட்டிசம் சர்டிபிகேட் காட்டியதில் இவளுக்கு இங்கிலீஷ் விலக்கு, பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதல். கணக்கில்தான் உங்களுக்குத் தெரியுமே, பதினோராம் வகுப்புப் புத்தகத்தையே முடித்துவிட்டாள். ஆனால் ஹெச்.எம். கறாராகச் சொல்லிவிட்டார். கணக்கில் தொண்ணூறும் மற்றதில் பாஸும் வந்தால்தான் பதினொன்றில் கணக்கு குரூப். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். கணக்கு இல்லாத வகுப்பில் அவளை உட்கார வைக்க முடியாது அண்ணே. வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

கணக்கு டீச்சர் பெயர் ஒச்சாயி. பெயரைக் கேட்டுப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடாதீர்கள். குலசாமி பெயராம், வயது இருபத்தெட்டு. ஆனையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறது. "நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க அக்கா" என்கிறது. கம்பெனியில் தினம் நூறு பேருக்கு டார்கெட் போடுகிறவர் நீங்கள். எவ்வளவு போடட்டும்?

தமிழ்மாறன் எப்படி இருக்கிறான்? ஒரு வருஷமாக உங்கள் மகன் குரலையே கேட்கவில்லை.

மதினிக்கு என் விசாரிப்பு.
கனகலட்சுமி


ஓசூர்
2.8.2024

அன்புத் தங்கைக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. உன் மதினிக்கு மாத்திரை மாற்றி ஒரு மாதமாகிறது, பரவாயில்லை. மாப்ளையிடம் நான் சொன்னது தமாஷ் என்று சொல்லிவிடு. கோபம் தீராவிட்டால் தீபாவளிக்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நூறு போடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் லைனில் ஷாக் அப்சார்பருக்கான புஷ், அந்த இரும்பு வளையம்தான், ஓடுகிறது. நானூற்று ஐம்பது செய்கிற ஆளுக்கு நானூற்று எண்பது என்று போட்டால்தான் நானூற்று எண்பது வரும். குறைத்துப் போட்டால் ஆள் சோம்பிப்போவான். நம் பிள்ளைக்குத் தலை முழுக்கக் கணக்கு. நூறுக்குக் குறைத்துப் போடுவது அவளைக் கேவலப்படுத்துவது போல.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
அருள்பாண்டி


விளாங்குடி
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். உங்கள் மாப்ளை சுகம். நீங்களும் மதினியும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி நூறு போட்டோம். காலாண்டில் சத்யா வாங்கியது தொண்ணூற்றெட்டு. வகுப்பில் அதுதான் முதல். ஜியாமெட்ரியில் உதவிப்படம் போடவில்லை என்று இரண்டு மார்க் குறைத்திருந்தார்கள். அசல் படத்தையே சரியாகப் போட்ட பிறகு எதற்கு ஒரு உத்தேசப் படம் என்பது அவள் நியாயம். அவள் கேட்பதும் சரிதான்.

ஆனால் அட்டையில் "இலக்கு 100, பெற்றது 98" என்று பார்த்ததும் நெற்றியை டெஸ்கில் மோத ஆரம்பித்துவிட்டாள். ஒச்சாயி டீச்சர் ஓடிப்போய்த் தன் கையை டெஸ்கின் மேல் வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் கை வீங்கிப்போனது. பதினோரு நாள் சத்யா பள்ளிக்கூடம் போகவில்லை. "ரெண்டு இல்லை, ரெண்டு இல்லை" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் மேல் எனக்குக் கோபம். என் மேல் அதைவிடக் கோபம்.

டீச்சர் கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தது. "பாரத்தைக் குறைச்சிருவோம் அக்கா. கணக்குக்கு அறுபது போடுவோம். சமூக அறிவியலுக்கு முப்பத்தஞ்சு, பாஸ் ஆனாப் போதும். அவ எப்படியும் அதைத் தாண்டிருவா, மனசும் லேசாயிரும்" என்றது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தமிழ்மாறனைப் பற்றிப் போன கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லையே. பிள்ளை சௌக்கியம்தானே?

கனகு


ஓசூர்
17.11.2024

கனகுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆடிட் வந்ததில் தீபாவளிக்கும் லீவு கிடைக்கவில்லை. வரமுடியாததற்கு மாப்ளையிடம் சொல்லிவிடு. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பாப்பா நெற்றி ஆறிவிட்டதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். பிறகு எடுக்கவே கை வரவில்லை. அறுபது என்பது எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் நான் சொல்லி ஆனதைப் பார்த்தாயிற்று. இனி நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

அவளுக்கு என் பழைய வெர்னியர் ஒன்று பார்சல் அனுப்பியிருக்கிறேன். தகட்டுக் கனம் அளக்கிற கருவி. அவளுக்குப் பிடிக்கும்.

அருள்பாண்டி


விளாங்குடி
28.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முதுகுக்கு பெல்ட் போடுகிறீர்களா? வெர்னியர் வந்தது. வீட்டில் இருக்கிற சப்பாத்திக்கட்டை, சாவி, அவள் அப்பாவின் கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் அளவு எடுத்தாகிவிட்டது. என் வளையல் இரண்டும் ஒரே கனம் இல்லையாம்.

அரையாண்டு பேப்பர் வந்துவிட்டது. கணக்கில் அறுபது. சமூக அறிவியலில் முப்பத்துநாலு, பெயில். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "பாத்தீங்களாம்மா, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சமயம் வரும், ஒரு சமயம் வராது. கணக்கு குரூப்பை நம்பி இருக்காதீங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். பயம் உள்ளே புகுந்துவிட்டது என்கிறார் உங்கள் மாப்ளை. சத்யா அட்டையைப் பார்த்தாள், சிரித்தாள், தூங்கப் போய்விட்டாள்.  அறுபது வாங்கிவிட்டு அவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு மார்க் கேள்வி பதினாலும் சரி. எட்டு மார்க் இரண்டும் சரி, உதவிப்படத்தோடு. ஐந்து மார்க் கேள்வி ஆறு போட்டிருக்கிறாள், ஆறும் சரி. சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி கூட இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கடைசியில் பென்சிலில் "14+16+30. முடிந்தது" என்று எழுதி வைத்திருக்கிறாள். கூடுதல் நேரத்தில் பாதிகூட அவள் உட்காரவில்லையாம்.

என் பிள்ளைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணே. மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு.

தமிழ்மாறன் அங்கேதானே இருக்கிறான்? அவனாவது அவளோடு ஒரு வார்த்தை பேசினால் தேவலை. சின்னதில் அவன் சொன்னால் கேட்பாள்.

கனகு


ஓசூர்
3.1.2025

கனகு,

எல்லாரும் சுகம். உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. கேன்டீனில் உட்கார்ந்தே பதில் எழுதுகிறேன்.

அவள் தோற்கவில்லை. 14, 16, 30, கூட்டிப் பார். அறுபது போட்டீர்கள், அறுபது எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மார்க் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொன்ன வேலையை அவளை மாதிரிச் சுத்தமாக முடித்த ஆளை நான் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை. அதனால்தான் சிரித்திருக்கிறாள்.

எங்கள் லைனில் விருமாண்டி என்று ஒருவன், நம் உசிலம்பட்டிப் பக்கம். நல்ல வேலைக்காரன். நானூற்று எண்பதாவது புஷ்ஷைப் பெட்டியில் போட்டதும் மெஷினை நிறுத்திக் கையைத் துடைத்துவிடுவான். ஷிப்ட் முடிய முக்கால் மணி இருக்கும். "ஏன்டா நிப்பாட்டிட்ட" என்று கேட்டேன். "நீங்க நானூத்தி எம்பதுன்னுதானண்ணே சொன்னீங்க" என்றான். அவன் வம்புக்குச் சொன்னான். நம் பிள்ளை நிஜமாகவே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சமூக அறிவியலிலும் முப்பத்தைந்துக்கு அளவாக எழுதியிருப்பாள். அதில் ஒன்று தப்பாகப் போயிருக்கும். பேப்பரைப் பார்.

நூறு போட்டால் மண்டையை உடைத்துக்கொள்கிறாள். அறுபது போட்டால் அறுபதோடு நிற்கிறாள். பின்னே எதைத்தான் போடுவது என்று கேட்காதே. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. டார்கெட் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பெல்லாம் போய் ரொம்ப நாளாகிறது.

அருள்பாண்டி


விளாங்குடி
2.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய சேலை வந்தது. மதினி கை ராசி, நிறம் எனக்கு எடுப்பாக இருக்கிறது. இரண்டு பேரும் நலமாக இருங்கள்.

நீங்கள் சொன்னது அப்படியே சரி. சமூக அறிவியலில் முப்பத்தைந்துக்கு எழுதியிருக்கிறாள், ஒரு வருஷத்தை மாற்றி எழுதியதில் ஒன்று போய்விட்டது. ஒச்சாயி டீச்சர் பேப்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. "நாந்தான் அக்கா அவளுக்குப் பூட்டுப் போட்டேன்" என்று அழுதது. நான் அதற்கும் சேர்த்துத் தைரியம் சொல்லி அனுப்பினேன். எனக்கு யார் சொல்வது?

"முடிஞ்ச வரைக்கும் எழுது கண்ணு" என்று சொல்லிப் பார்த்தோம். "முடிஞ்ச வரைக்கும்னா எம்புட்டு?" என்று கேட்டாள்.  சரி, நம்பரே வேண்டாம் என்று திருப்புதல் தேர்வுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டோம். மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். கட்டத்தில் ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் எழுதவில்லையாம்.

இன்னும் எட்டு வாரம் கூட இல்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். பார்க்கப் பார்க்க மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நாலாவது தடவை கேட்கிறேன். தமிழ்மாறன் எப்படி இருக்கிறான்?

கனகு


விளாங்குடி
9.2.2025, ஞாயிறு

அருள்பாண்டி மாமாவுக்கு,

நான் சத்யப்ரியா. என் எடை 47.2 கிலோ. நலம். உங்கள் எடை தெரியாது. நலமா?

அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் என்னை ஊற வைக்க அரிசி எடுக்கச் சொன்னார். கையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு எடுத்தேன். டிரம்மில் ஒரு ரஃப் நோட்டும் உங்கள் கடிதங்கள் 3-ம் இருந்தன. அம்மாவின் கடிதங்கள் நோட்டில் 4. படித்தேன். இது எட்டாவது கடிதம்.

தமிழ்மாறன் அத்தான் எப்படி இருக்கிறார் என்று அம்மா 4 முறை கேட்டிருக்கிறார். உங்கள் பதில்கள் 0. சரிபார்த்தேன்.

பதில் தெரிந்தால் எழுத வேண்டும். தெரியாவிட்டாலும் காலியாக விடக்கூடாது. காலியாக விட்டால் 0 மதிப்பெண். ஒச்சாயி டீச்சர் எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார், தெரியாததற்கு x என்று போட வேண்டும். x என்று போட்டால் கணக்கு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு கண்டுபிடிக்கலாம். நீங்கள் x என்றாவது எழுதியிருக்கலாம்.

வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் பிழை இருக்கிறது. கழித்துக்கொள்கிறேன்.

த. சத்யப்ரியா


ஓசூர்
23.2.2025

கனகுக்கும் சத்யாவுக்கும்,

என் எடை எழுபத்தெட்டு. முதுகுவலி உண்டு. மற்றபடி நலம் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை. பாப்பா சரிபார்த்துவிடுவாள்.

தமிழ்மாறன் இங்கே இல்லை. இருபது மாதம் ஆகிறது. நீட் பரீட்சைக்கு அறுநூறு என்று தாளில் பெரிதாக எழுதி அவன் மேஜைக்கு மேலே ஒட்டினேன். முதல் வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு. மறு வருஷம் நானூற்று எண்பத்தேழு. எழுபத்தைந்து கூட வாங்கியிருந்தான் கனகு. ரிசல்ட் வந்தபோது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் "நூத்திப் பதிமூணு கொறையுதே" என்றேன். அது ஒன்றுதான் சொன்னேன். அந்த வாரமே போய்விட்டான். அந்தத் தாளை உன் மதினி கிழிக்கச் சொல்கிறாள், எனக்குக் கை வரவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறான். அவன் கூட்டாளி சூரியபிரகாஷ் நம்பர் கொடுத்தான். எட்டு மாதமாக என் போனில் இருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் கூப்பிடவில்லை. உன்னிடமும் அதனால்தான் சொல்லவில்லை. அவன் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். போட்ட நம்பர் தப்பு கனகு. பிள்ளை தப்பில்லை.

சத்யா, நீ சொன்னபடி போட்டுவிட்டேன். தமிழ்மாறன் எப்படி இருக்கிறான்? x.

கனகு, இதைப் பாப்பாவின் கடிதத்தைப் படிக்கும்போதே உனக்குத் தோன்றியிருக்கும். அந்த மஞ்சள் அட்டையில் எல்லாக் கட்டத்திலும் அதையே போடச் சொல்.

அருள்பாண்டி


விளாங்குடி
20.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி எல்லாரும் சுகம். நீங்களும் மதினியும் மோர் நிறையக் குடியுங்கள்.

அவள் கடிதத்தைப் படித்துத் தபாலில் போட்டதே நான்தான், ஆனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அண்ணே. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. ஒச்சாயி டீச்சரிடம் காட்டினேன். அது படித்துவிட்டு அட்டையை எடுத்து நாலு பாடத்துக்கும் x போட்டுக் கையெழுத்துப் போட்டது. "என்னம்மா இது விளையாட்டு" என்று ஹெச்.எம். கோபப்பட்டாராம். "இலக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டது. சத்யா அட்டையை வாங்கிப் பார்த்தாள். "x-ஐ யாரு கண்டுபிடிக்கணும்?" என்றாள். "நீதான், பரீட்சையில எழுதி எழுதிக் கண்டுபிடி" என்றது டீச்சர்.

எல்லாப் பரீட்சைக்கும் கடைசி மணி அடிக்கிறவரை எழுதியிருக்கிறாள். கணக்கன்று கூடுதல் தாள் கேட்டு வாங்கினாளாம். வெளியே வந்ததும், "எம்புட்டு வரும்டி" என்று கேட்டுவிட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல். "விடை மே மாதம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நான் அழுதுகொண்டே வாய்விட்டுப் படித்தேன். அவள் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டு நேற்றுத்தான் தமிழ்மாறனுக்கு போன் போட்டேன்.  அத்தை பேசுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் சத்யா போனை என் கையிலிருந்து வாங்கி, உங்கள் குரலிலேயே, "போட்ட நம்பர் தப்பு கனகு. பிள்ளை தப்பில்லை" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லவில்லை அண்ணே. அவள்தான் சொன்னாள்.

கனகு


விளாங்குடி
18.5.2025, ஞாயிறு

அருள்பாண்டி மாமாவுக்கு,

நலம். எடை 48.1. அம்மாவுக்குச் சளி, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அத்தையும் நலமா?

விடைகள் வந்துவிட்டன. சமூக அறிவியல் x = 52. அறிவியல் x = 71. தமிழ் x = 58. கணக்கு x = 97.

3 எங்கே போனது என்று ஹெச்.எம். கேட்டார். 3 எங்கேயும் போகவில்லை. x-க்கு விடை 97. விடை வந்த பிறகு அது தப்பு என்று சொல்ல முடியாது. ஒச்சாயி டீச்சர் சிரித்தார், கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பதினோராம் வகுப்பில் கணக்கு குரூப் கொடுத்துவிட்டார்கள்.

தமிழ்மாறன் அத்தான் நேற்று திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். அவர் எடை 61. எனக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்தார். தேவையில்லை, ஆனால் வைத்துக்கொண்டேன். டிரம்மில் இருந்த கடிதங்களைக் காட்டினேன். ஒன்பதாம் கடிதத்தை 3 முறை படித்தார்.

அவரை உங்களுக்கு எழுதச் சொன்னேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றார். தெரியாவிட்டால் என்ன போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

த. சத்யப்ரியா

அப்பா,
x.
வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன். அம்மாட்ட சொல்லுங்க.